கழற்ற முடியாத லென்ஸ், பெரிய சென்சார்: வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கையடக்கமான நல்ல கேமரா ஒன்றைத் தேடத் தொடங்கி, மாடல் பெயர்களிலும் எண்களிலும் சிக்கிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. வாங்குவதற்கு முன் நானே என்னைக் கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் பக்கம் போதாது.

எந்தக் கேமராக்களைப் பற்றிய பேச்சு இது?

லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஆனால் உள்ளே ஒளியைப் படமாக்கும் சென்சார், லென்ஸ் மாற்றும் கேமராக்களில் இருப்பதைப் போலவே பெரியது. 2008இல் வந்த சிக்மா டிபி1 இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பொறுமையைச் சோதித்த கேமராதான். என்றாலும் சிறிய பெட்டிக்குள் பெரிய சென்சாரை வைக்க முடியும் என்று காட்டிவிட்டது. அதன்பின் 2011இல் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100, 2012இல் சோனி ஆர்எக்ஸ்1, 2013இல் ஏபிஎஸ்-சி சென்சாருடன் (ஏறத்தாழ 24×16 மிமீ) ரிகோ ஜிஆர், 2015இல் லைக்கா கியூ என்று வரிசையாக வந்தன.

இன்று கடையில் கேட்கப்படுபவை பெரும்பாலும் இவற்றின் வாரிசுகள்தான். ரிகோவில் ஜிஆர் 3, 3எக்ஸ், 2025இல் வந்த ஜிஆர் 4. ஃபுஜியில் 2024இன் எக்ஸ்100விஐ. லைக்காவில் 2023இன் கியூ3, அடுத்த ஆண்டு வந்த கியூ3 43. சோனியில் பத்து ஆண்டு மௌனத்துக்குப் பிறகு 2025இல் வந்த ஆர்எக்ஸ்1ஆர் 3. இவை போதாதென்று, பழைய ஃபிலிம் சட்டகத்தின் அளவான ஃபுல் ஃப்ரேமைவிடவும் (36×24 மிமீ) பெரிய 44×33 மிமீ சென்சாரைக் கொண்ட ஃபுஜியின் ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃப் அதே ஆண்டில் சேர்ந்துகொண்டது.

கைபேசி இருக்கும்போது இது எதற்கு?

நல்ல வெளிச்சத்தில் எடுத்து, கைபேசித் திரையிலேயே பார்ப்பதாக இருந்தால் அவசியமில்லை. இதைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

வித்தியாசம் வேறு இடங்களில் தெரியும். மங்கிய அறையில் ஓடும் குழந்தையை எடுக்கும்போது, கைபேசி பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால் கை கால்கள் இழுபட்டுப்போகும். பெரிய சென்சார் ஒரே சொடுக்கில் அந்த நொடியைப் பிடிக்கும். முகத்தைச் சுற்றிப் பறக்கும் முடியைக் கைபேசியின் மென்பொருள் பல நேரம் பின்னணியோடு சேர்த்து அழித்துவிடும், லென்ஸ் தரும் மங்கலில் அந்தப் பிழை வராது. அச்சிட்டுச் சுவரில் மாட்டினாலும், கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பைத் திறந்து நிழல் பகுதியை மேலே இழுத்தாலும் வேறுபாடு கண்முன் நிற்கும்.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

பார்வைக் கோணத்தை. சென்சார், மெகாபிக்சல், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். எந்தச் சென்சார் பெரிது, எதன் நிறம் நன்றாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டு ஒன்றை வாங்கி, ஆறு மாதத்தில் விற்றுவிடுகிறார்கள். விற்றதற்கு என்ன காரணம் என்று கேட்டால், 'என்னவோ ஒட்டவில்லை' என்பார்கள். அந்த ஒட்டாமை பெரும்பாலும் கோணத்தினால் வருவது. ஒரே ஒரு குவியத் தூரத்தை, அதாவது ஒரே பார்வைக் கோணத்தைக் கையில் கொடுத்து, இனி உலகத்தை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லும் கருவி இது. அந்தப் பார்வை உங்களுடையதாக இல்லாவிட்டால் எத்தனை மெகாபிக்சல் இருந்தும் பயனில்லை.

இந்த வகையில் மூன்று கோணங்கள்தான் முக்கியம். எல்லாவற்றையும் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சொல்கிறேன், மிமீ எண் சிறிதானால் கோணம் அகலம். 28 மிமீ: ரிகோ ஜிஆர் 3, ஜிஆர் 4, லைக்கா கியூ3, ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃப். 35 மிமீ: எக்ஸ்100 வரிசை முழுவதும், சோனி ஆர்எக்ஸ்1 வரிசை முழுவதும். 40ஐ ஒட்டியவை: ஜிஆர் 3எக்ஸ், கியூ3 43.

எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வித்தியாசம் சிறிது என்று நினைக்கத் தோன்றும். மேசைக்கு எதிரே, ஒரு மீட்டர் தள்ளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் 28 மிமீ அவர் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 1.3 மீட்டர் அகலத்தைக் காட்டும். அவர், இரண்டு முழங்கைகள், பக்கத்து நாற்காலி, பின்னால் கொஞ்சம் ஜன்னல். 35 மிமீ ஏறத்தாழ ஒரு மீட்டர் காட்டும், நாற்காலி போய்விடும். 40 மிமீ என்றால் 90 சென்டிமீட்டர், அவரும் அவருடைய கைகளும் மட்டும். அதே ஆளை 28இல் சட்டகம் நிறைய எடுக்க வேண்டும் என்று நெருங்கினால் மூக்கு முன்னே வரும், காது பின்னே போகும். எடுக்கப்பட்டவர் படத்தைப் பார்த்து மௌனமாகிவிடுவார்.

இடங்களையும் கூட்டத்தையும் நெருங்கி நின்று எடுப்பவர்களுக்கு 28. வீட்டு மனிதர்களை எடுப்பவர்களுக்கு 40. இரண்டுக்கும் நடுவே ஊசலாடுபவர்களுக்கு 35. அது எதிலும் தோற்காத கோணம், ஆனால் எதிலும் அதிசயம் காட்டாது என்பதும் உண்மை.

எனக்கு எந்தக் கோணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பல கைபேசிகளின் முதன்மை லென்ஸ் 24 மிமீ அளவில் இருக்கும். ஜூமை 1.2இல் நிறுத்தினால் ஏறத்தாழ 28, 1.5இல் 35, 1.7இல் 40. ஒரு வாரம் ஒன்றிலேயே எடுங்கள், அடுத்த வாரம் இன்னொன்று. படத்தின் தரத்தைப் பார்க்காதீர்கள், நம் சோதனை அதுவல்ல. நீங்கள் எத்தனை முறை பின்னால் நகர்ந்தீர்கள், எத்தனை முறை முன்னால் போனீர்கள் என்பதைக் கவனியுங்கள். சுவரில் முதுகு இடித்துக்கொண்டே இருந்தால் அகலமான கோணம் வேண்டும். ஒவ்வொரு படத்தையும் வீட்டுக்கு வந்து ஓரம் வெட்டுகிறீர்கள் என்றால் குறுகிய கோணம் வேண்டும்.

28ஐ வாங்கி, வேண்டும்போது வெட்டிக்கொள்ளலாமே?

வெட்டலாம். நின்ற இடத்தில் நின்று எடுத்து வெட்டினால் முகத்தின் வடிவமும் மாறாது. நெருங்கிப் போனால்தான் கோணல் வரும்.

கணக்கு மட்டும் கொஞ்சம் கசக்கும். கியூ3 60 மெகாபிக்சல். 35 மிமீ அளவுக்கு வெட்டினால் ஏறத்தாழ 39, 50க்கு 19, 75க்கு 8, 90க்கு 6. 50 வரை தாராளம், அதற்கு மேல் ஏதோ கிடைத்ததே என்ற நிறைவுதான். எக்ஸ்100விஐயின் 40 மெகாபிக்சலை 50 மிமீ கோணத்துக்கு வெட்டினால் 20 மிஞ்சும், 70க்கு 10. ஜிஆர் 3இன் 24 மெகாபிக்சலில் 35 வரை கவலையில்லை. 50க்குப் போனால் 8க்குக் கீழே இறங்கிவிடும்.

வெட்டும்போது மெகாபிக்சலோடு சென்சாரின் பரப்பும் போகிறது. பெரிய சென்சாருக்காகக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கைக் கத்தரிக்கோலால் நறுக்குகிறோம். எப்போதாவது வெட்டுவதற்கு 28 சரி. பத்துப் படத்தில் எட்டை வெட்டுகிறவர் 40 வாங்கியிருக்க வேண்டும்.

இவற்றில் எது உண்மையிலேயே பைக்குள் அடங்கும்?

ரிகோ மட்டும். விளம்பரப் படங்களில் எல்லாம் கையடக்கமாகவே தெரியும். தடிமனைப் பாருங்கள்: ஜிஆர் 3 ஏறத்தாழ 33 மிமீ, எக்ஸ்100விஐ 55 மிமீ, லைக்கா கியூ3 90 மிமீக்கும் மேல். ஜிஆர் அணைந்தவுடன் லென்ஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேட்டரியும் அட்டையும் சேர்த்து 257 கிராம். காற்சட்டைப் பையில் போட்டால் மறந்தே போகும். எக்ஸ்100விஐ 521 கிராம், குளிர்கால மேலங்கியின் பை வரை சரி. சோனி ஆர்எக்ஸ்1ஆர் 3 எடையில் 500 கிராமைத் தொட்டு நின்றாலும், முன்னால் நீட்டி நிற்கும் லென்ஸ் எந்தப் பையையும் பிதுக்கும். கியூ3யும் ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃபும் 730 கிராமைத் தாண்டியவை, கழுத்தில் தொங்கவேண்டியவை.

கையில் இல்லாத கேமரா எடுக்காத படங்களைப் பற்றி ஒப்பீட்டுக் கட்டுரைகளில் ஒரு பத்தியும் இருப்பதில்லை.

சென்சார் பெரிதானால் இரவுப் படம் நன்றாக வரும் என்பது உண்மைதானே?

பாதி உண்மை. சோனி ஆர்எக்ஸ்1ஆர் 3ஐயும் ரிகோ ஜிஆர் 3ஐயும் எடுத்துக்கொள்வோம். சோனியின் ஃபுல் ஃப்ரேம் சென்சார் பரப்பில் ரிகோவின் ஏபிஎஸ்-சியைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். லென்ஸ் துளை எஃப்/2, ரிகோவுக்கு எஃப்/2.8 (எண் சிறிதானால் துளை பெரிது), அதில் ஒரு படி, அதாவது இரு மடங்கு வெளிச்சம். இரண்டையும் சேர்த்தால் சோனிக்கு இரண்டு படிக்குச் சற்று மேல் அனுகூலம்.

ஆனால் சோனியில் நடுக்கம் தடுக்கும் அமைப்பு இல்லை. 61 மெகாபிக்சலில் கை நடுக்கம் அப்படியே தெரியும் என்பதால் 1/60 நொடிக்குக் கீழே இறங்க மனம் வராது, நான் 1/125க்கே கீழே போக மாட்டேன். ரிகோவில் சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சமன்செய்யும். நிலையான கை என்றால் 1/8 நொடியிலும் கூர்மை கிடைக்கும். 1/60க்கும் 1/8க்கும் இடையே மூன்று படி. ஆக, இரவில் ஆள் நடமாட்டமற்ற ஒரு தெருவை எடுத்தால் சிறிய சென்சார் முந்திவிடுகிறது. அதே தெருவில் ஒருவர் நடந்து வந்தால் ரிகோவின் 1/8 நொடியில் அவர் புகையாகிவிடுவார், சோனி ஜெயிக்கும்.

அதனால் இரவில் எடுப்பேன் என்பவரிடம், இரவில் எதை எடுப்பீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்100விஐயில் சென்சார் நடுக்கத் தடுப்பு உண்டு, அந்த வரிசையில் முதல்முறையாக. கியூ3யில் அது லென்ஸுக்குள் இருக்கிறது. ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃபில் இல்லை, அதன் லென்ஸும் எஃப்/4தான். 102 மெகாபிக்சலைக் கையில் பிடித்து இருட்டில் எடுப்பது அதன் வேலையல்ல.

பின்னணி மங்கல் எதில் அதிகம்?

சென்சாரின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். லென்ஸின் உண்மையான குவியத் தூரத்தை (ஃபுல் ஃப்ரேம் கணக்கை அல்ல) எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸ் திறப்பின் விட்டம் கிடைக்கும், மங்கலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். ஜிஆர் 3இன் 18.3 மிமீ எஃப்/2.8 லென்ஸுக்கு ஆறரை மிமீ. ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃபுக்கு 8.75. எக்ஸ்100விஐயின் 23 மிமீ எஃப்/2க்கு 11.5. கியூ3க்கு 16.5, ஆர்எக்ஸ்1ஆர் 3க்கு 17.5, கியூ3 43க்கு 21.5.

எல்லாவற்றிலும் பெரிய சென்சார் உள்ள கேமரா, கீழிருந்து இரண்டாவது இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். பின்னணி கரைய வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் ஆசை என்றால் இந்த வகையே சரியான இடம் அல்ல. லென்ஸ் மாற்றும் கேமராவில் 85 மிமீ எஃப்/1.8 லென்ஸ் ஒன்று இவை எல்லாவற்றையும் அனாயாசமாகத் தாண்டிவிடும்.

வியூஃபைண்டர் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கண்ணை வைத்துப் பார்க்கும் அந்த ஜன்னல் ஜிஆரில் கிடையாது. கைபேசியில் பழகியவர்களுக்கு முதல் நாளில் குறை தெரியாது. உச்சி வெயிலில் திரை கண்ணாடிபோல உங்கள் முகத்தையே காட்டும்போது தெரியும். வெள்ளெழுத்து வந்தவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடியைத் தேடுவது வேலைக்காகாது.

எக்ஸ்100 வரிசையின் தனிச்சொத்து இரட்டை வியூஃபைண்டர். முன்னால் இருக்கும் நெம்புகோலை விரலால் தட்டினால் மின்திரை விலகிக் கண்ணாடி ஜன்னல் வரும். சட்டகத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும், ஒருவர் உள்ளே நுழையப்போவதை முன்கூட்டியே பார்க்கலாம். கீழ் வலது மூலையில் லென்ஸின் விளிம்பு சற்று மறைக்கும், வெயில் மறைக்கும் ஹூட் மாட்டினால் இன்னும் கொஞ்சம். சிலர் அதில் ஒரு வாரம் விளையாடிவிட்டு மின்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். சிலருக்கு அதை விட்டால் படமே எடுக்க வராது. கடையில் ஐந்து நிமிடம் கண்ணை வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தெருவில் சட்டென்று எடுக்க எது வேகம்?

ரிகோவின் ஸ்னாப் ஃபோகஸ். தூரத்தை முன்பே வைத்துவிட்டு, பொத்தானை ஒரே மூச்சில் முழுதாக அழுத்தினால் கேமரா குவியம் தேடாமல் உடனே எடுக்கும். 2 மீட்டரில் வைத்து எஃப்/8 கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை கூர்மையாக இருக்கும். கேமராவை இடுப்பருகே ஒரு கையில் வைத்துக்கொண்டு எடுக்கலாம். தானியங்கிக் குவியத்தில் ஜிஆர் 3 இருட்டில் திணறும். கியூ3யும் எக்ஸ்100விஐயும் அந்த விஷயத்தில் மேல். ஆனால் குவியமே தேடாத கேமராவை எதுவும் முந்த முடியாது.

ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் இவை எல்லாவற்றிலும் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சத்தம் ஏறக்குறைய இல்லை. பகல் வெளிச்சத்தில் பிளாஷைச் சேர்த்து எடுப்பதும் எளிது.

தூசி, மழை?

உள்ளே போகும் லென்ஸ் காற்றையும் இழுக்கும், காற்றோடு தூசியையும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் சென்சாரில் ஒட்டிய தூசியை நீங்களே துடைக்கவும் முடியாது. பைக்குள் தனியாகப் போடுங்கள், சாவி, கைக்குட்டை, நூல் பிசிறு எதுவும் உடன் இருக்க வேண்டாம். ஜிஆர் எதுவும் மழைக்கு ஏற்றதல்ல. எக்ஸ்100விஐயிலும் ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃபிலும் முன்வளையமும் ஃபில்டரும் மாட்டினால்தான் காப்பு முழுமையாகும், இதைப் படிக்காமல் தூறலில் நனைத்தவர்கள் உண்டு. கியூ3க்குத் தூசிக்கும் நீருக்கும் எதிரான ஐபி52 சான்று இருக்கிறது. அது தூறலைத் தாங்கும் என்று பொருள், குளிக்கும் என்றல்ல.

வீடியோ?

வீடியோ முக்கியம் என்றால் வேறு அலமாரியைப் பாருங்கள். ஜிஆர் 3 ஃபுல் எச்டியோடு நின்றுவிடும்.

ஜூம் வேண்டும் என்றால்?

அப்போது சென்சாரையோ துளையையோ விட்டுக்கொடுக்க வேண்டும். 2017இல் வந்த கேனான் ஜி1எக்ஸ் மார்க் 3 ஏபிஎஸ்-சி சென்சாரோடு 24–72 மிமீ தந்தது, நீள முனையில் துளை எஃப்/5.6. பானசோனிக் எல்எக்ஸ்100 இரண்டாம் பதிப்பும் 2024இன் லைக்கா டி-லக்ஸ் 8உம் 24–75 மிமீ, எஃப்/1.7–2.8, அதைவிடச் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார். பயணத்துக்கு ஒரே கேமரா என்றால் இந்த சமரசம் எனக்குச் சம்மதமே. ஜூம் இல்லாதது ஒரு தவம் என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

லென்ஸ் மாற்றும் கேமராவே வாங்கி ஒரு சிறிய லென்ஸை மாட்டிவிட்டால்?

பணத்தைப் பார்த்தால் அதுதான் புத்திசாலித்தனம். நாளை இன்னொரு லென்ஸ் வாங்கலாம், உடல் பழசானாலும் லென்ஸ் மிஞ்சும். இங்கே உடலும் லென்ஸும் ஒன்றாகவே மூப்படைகின்றன.

பதிலுக்குக் கிடைப்பது என்னவென்றால், அந்த ஒரு சென்சாருக்காகவே வடிவமைத்த லென்ஸ். பின்பக்கக் கண்ணாடியைச் சென்சாருக்கு மிக அருகில் வைக்கலாம் என்பதால் சிறியதாகவும் மூலைவரை கூர்மையாகவும் செய்ய முடிகிறது. ஜிஆர் 3 தடிமனில் ஏபிஎஸ்-சி சென்சாரும் லென்ஸும் சேர்ந்த வேறு அமைப்பை நான் பார்த்ததில்லை. மற்றபடி, 700 கிராம் கேமராவைத் தூக்கத் தயாராக இருப்பவர் இந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

பயன்படுத்திய கேமரா வாங்கலாமா? எதைச் சோதிப்பது?

தாராளமாக. எக்ஸ்100விஐக்கும் அதற்கு முந்தைய 2020இன் எக்ஸ்100விக்கும் லென்ஸ் ஒன்றே. ஆனால் எக்ஸ்100விக்கு முந்தைய நான்கு தலைமுறைகளின் லென்ஸ், முழுத் துளையில் அருகிலிருப்பதை எடுத்தால் மெத்தென்று மங்கும், அது பழுதல்ல.

துளையை எஃப்/16க்கு மூடி, வெள்ளைச் சுவரையோ மேகமற்ற வானத்தையோ எடுங்கள், குவியம் தப்பியிருந்தாலும் பரவாயில்லை. படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய வட்டங்கள் தெரிந்தால் உள்ளே தூசி. அடுத்து முழுத் துளையில் ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று எடுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் ஒருமுறை அடிவாங்கியிருக்கிறது. லென்ஸ் உள்ளே போகும் வகை என்றால் பத்து முறை அணைத்து ஏற்றுங்கள், ஒரு முறை திக்கினாலும் வேண்டாம்.

பேட்டரியையும் பாருங்கள். ஜிஆர் 3 புதிதாக இருக்கும்போதே ஒரு சார்ஜுக்கு 200 படம்தான். எப்படியும் இரண்டாவது பேட்டரி வாங்கத்தான் வேண்டும்.

வாங்கிய பிறகு கோணம் பொருந்தவில்லை என்று தெரிந்தால்?

எக்ஸ்100 வரிசைக்கு முன்னால் திருகும் மாற்று லென்ஸ்கள் இரண்டு உண்டு, ஒன்று 28 மிமீ ஆக்கும், மற்றொன்று 50. ஜிஆர் 3க்கு 21 மிமீ ஆக்கும் ஒன்று உண்டு. கண்ணாடி கனமாக முன்னே நிற்கும், சின்னக் கேமரா வாங்கிய காரணமே போய்விடும். ஓரிரு மாதம் பொறுத்துப் பார்த்தும் கால்கள் பழகவில்லை என்றால் விற்றுவிடுங்கள். பெட்டியையும் ரசீதையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.